சொல்லத் தெரியாத குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் ஆகிய நிலைகளுடன் வளரும் குழந்தைகளின் பெற்றோர், பேச்சுக்கும் நடைக்கும் அடுத்தபடியாகக் கவலைப்படுவது கழிப்பறைப் பழக்கத்தைப் பற்றித்தான். வெளியில் சொல்லக் கூச்சப்படுவதும் இதைத்தான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவை பொதுவான வழிகாட்டுதல்கள். உங்கள் குழந்தையைப் பரிசோதிக்கும் மருத்துவரின் சொல்லே இறுதியானது.

என் மகனுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. எந்த அறிகுறியும் காட்டவில்லை. அவனாகத் தயாராகும்வரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம் என்பதே எங்கள் விடை. குழந்தை ஆயத்தமாகும்வரை பொறுத்திருக்கும்படி சொல்லும் அறிவுரைக்கு ஒரு பின்னணி உண்டு. குழந்தைகளை மிரட்டியும் வற்புறுத்தியும் பழக்கிய கண்டிப்பான முறைகளுக்கு மாற்றாக, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962இல் குழந்தையின் ஆயத்தத்தையே அடிப்படையாகக் கொண்ட அணுகுமுறையை எழுதினார். அது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நல்ல அறிவுரைதான். ஆனால் ஈரமானதும் துணியைப் பிடித்து இழுக்கவும், வருகிறது என்று வாயால் சொல்லவும், அண்ணன் அக்காவைப் பார்த்துத் தானும் அப்படிச் செய்ய ஆசைப்படவும் தெரிந்த குழந்தைக்கே அது முழுமையாகப் பொருந்தும். தன் உடலை உணர்வது, உணர்ந்ததைச் சொல்வது, பிறரைப் பார்த்துப் பின்பற்றுவது ஆகிய மூன்றுமே தாமதமாக வரும் குழந்தையிடம் அந்த அறிகுறிகளுக்காகக் காத்திருந்தால், ஆறு ஏழு வயதுவரை காத்திருக்க நேரிடும். இதற்குள் டயபரில் போவது ஆழமாக ஊன்றிய பழக்கமாகிவிடும். புதியதைக் கற்பதைவிட ஊன்றியதை மாற்றுவதே இக்குழந்தைகளுக்குக் கடினம்.

ஆகவே குழந்தையின் விருப்பத்தைத் தேடாமல் அதன் உடலைப் பாருங்கள். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை ஈரமில்லாமல் இருக்கிறதா, மலம் ஓரளவு ஒழுங்கான நேரத்தில் போகிறதா, தாங்கிப் பிடித்தால் இரண்டு நிமிடம் உட்காருமா என்பவை போதும். இவையும் இல்லாவிட்டால்கூட, டயபரைக் கழிப்பறையிலேயே வைத்து மாற்றுவது, நின்றபடியே மாற்றுவது, கழற்றும்போது அதன் கையையும் உடன் சேர்த்துக்கொள்வது போன்ற முன்னேற்பாடுகளை இரண்டு வயதிலேயே தொடங்கலாம்.

எந்த வயதுக்குள் பழகிவிட வேண்டும்?

இயல்பான வளர்ச்சியுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் மூன்று, நான்கு வயதுக்குள் பகலில் பழகிவிடுகிறார்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு அப்படி ஒரு எல்லை இல்லை. பத்து வயதில் தொடங்கியவர்களும் பழகியிருக்கிறார்கள். பெரியவர்களான பின்பு பழகியவர்களும் உண்டு, அதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் எதை வாங்குவது, எதைச் சொல்லிக்கொடுப்பது?

வாங்குவதற்கும் சொல்லிக்கொடுப்பதற்கும் முன்னால் வயிற்றைப் பாருங்கள். தசைத்தளர்ச்சி, குறைந்த நடமாட்டம், நான்கைந்து உணவு வகைகளை மட்டுமே உண்ணும் பிடிவாதம், போதிய நீர் குடிக்காமை, சில மருந்துகளின் பக்கவிளைவு எனப் பல காரணங்களால் மலச்சிக்கல் இக்குழந்தைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவினாலும் இது வரலாம். மலச்சிக்கலைத் தீர்க்காமல் பழக்கத் தொடங்குவது, அடைப்பை எடுக்காமல் குழாயைத் திறப்பதைப் போன்றது.

மலக்குடலில் மலம் நாட்கணக்கில் தேங்கும்போது குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடுகிறது. குழந்தைக்கு வருவதே தெரியாது. இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் கசிந்து துணியில் படியும். இதை வயிற்றுப்போக்கு என்று தவறாக நினைத்து அதற்கான மருந்து கொடுக்கும் பெற்றோரும் உண்டு, அதனால் அடைப்பு மேலும் இறுகும். விரிந்த மலக்குடல் பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையையும் அழுத்துவதால், அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் போகும். மூன்று தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான்.

மலத்தின் தோற்றத்தை ஏழு வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒரு படம் உண்டு. புழுக்கை போன்ற முதல் வகையும், கட்டி கட்டியாக இறுகிய இரண்டாம் வகையும் மலச்சிக்கலைக் காட்டும். வாழைப்பழம்போல் வழவழப்பாக வரும் நான்காம் வகையே நாம் விரும்புவது. முதல் இரண்டு வகைகளே தொடர்ந்தால், அல்லது வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போனால், மருத்துவரிடம் காட்டுங்கள். லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைகால் போன்ற மலமிளக்கிகளை அவர் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாள் நன்றாகப் போனது என்று நிறுத்திவிடாதீர்கள். விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்கப் பல மாதங்கள் ஆகலாம்.

குழந்தைக்கு எப்போது வரும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் போதும். ஒரு வாரத்துக்கு, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை பார்த்து, ஈரமா, காய்ந்திருக்கிறதா, மலம் உண்டா, என்ன குடித்தது என்று எழுதுங்கள். இன்றைய டயபர்கள் ஈரத்தை உறிஞ்சி ஒளித்துவிடுவதால், உள்ளே ஒரு மெல்லிய காகிதத் துண்டை மடித்து வைத்தால் நனைந்ததா என்பது தொட்டவுடன் தெரியும். குழந்தைக்கும் அந்த ஈரம் உறைக்கும்.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று பாருங்கள்: 7 மணிக்கு எழுந்தபோது ஈரம், 7.30க்குப் பால், 8 மணிக்குக் காய்ந்திருந்தது, 8.30க்குக் காலை உணவு. 9 மணிக்கு ஈரம், கூடவே மலம். 10 மணிக்குக் காய்ந்திருந்தது. 11 மணிக்கு ஈரம். இதே பக்கம் ஐந்தாறு நாட்கள் ஏறத்தாழ அப்படியே திரும்பினால், உங்கள் குழந்தையின் கால அட்டவணை கைக்கு வந்துவிட்டது. 8.50க்கும் 10.45க்கும் உட்காரவைத்தால் வெற்றிக்கு வாய்ப்பு அதிகம். உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும் என்பதால், சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள் மலம் வருவது உடலின் இயல்பு. அரை மணிக்கு ஒருமுறை கண்மூடித்தனமாகத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட இப்படிக் குறிபார்த்து மூன்று முறை உட்காரவைப்பது நல்லது. வீட்டில் எல்லோருக்கும் களைப்பும் குறையும்.

நாள் முழுவதும் ஒவ்வொரு மணி நேரமும் ஈரமாகவே இருந்தால், அந்தப் பக்கத்தை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஈரமாக்கிக்கொள்கிறாள் என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கலாமா?

கூடாது. குறைத்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் கூடும், மலம் இறுகும், நிறைந்த சிறுநீர்ப்பை எப்படி இருக்கும் என்பதையும் குழந்தை உணராது. நாள் முழுவதும் ஆறேழு முறையாகப் பிரித்துக் குடிக்கக் கொடுங்கள்.

எந்த மாதிரி இருக்கையில் உட்காரவைக்க வேண்டும்?

கால் ஊன்றும் இருக்கையில். பெரியவர்களின் கழிப்பறை இருக்கையில் கால் தொங்க உட்காரும் குழந்தை, விழுந்துவிடுவோமோ என்று உடலை விறைத்துப் பிடித்துக்கொள்கிறது. விறைத்த உடலில் இடுப்புத்தளத் தசை (சிறுநீர்ப்பையையும் குடலையும் கீழிருந்து தாங்கும் தசை) தளராது, தளராவிட்டால் எதுவும் வெளியேறாது. நீங்களே ஒரு உயரமான முக்காலியில் கால் தொங்க உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். பாதம் முழுவதும் பலகையில் பதிந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்றே உயர்ந்து, உடல் லேசாக முன்சாய்ந்திருப்பதே நல்ல நிலை. பெரிய இருக்கைக்கு உள்வளையமும் கால்பலகையும் பொருத்தலாம், அல்லது ‘பாட்டி சேர்’ (potty chair) எனப்படும், குழந்தைகளுக்கான சிறு கழிப்பு இருக்கையைப் பயன்படுத்தலாம். குந்தி அமரும் கழிப்பறை மலம் கழிக்க ஏற்றதுதான் என்றாலும், சமநிலை போதாத குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள உறுதியான கைப்பிடி அவசியம்.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் தாங்கல், சில நேரம் மார்புப் பட்டை, தேவைப்படும். இதற்கு இருக்கையை அளந்து பரிந்துரைக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டை (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் நிபுணரை) பாருங்கள். மகன் என்றாலும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும். நின்று போவதைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.

“உச்சா வருதா?” என்று கேட்டால் எப்போதும் “இல்லை” என்கிறான். அடுத்த நிமிடமே போய்விடுகிறான்.

அப்படியானால் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, குழந்தை தன் வயிற்றுக்குள் கவனித்து, அந்த உணர்வுக்குப் பெயர் கண்டுபிடித்து, விளையாட்டை விட்டு எழ மனம் வைத்து, பின்பு வாயைத் திறக்க வேண்டும். “இல்லை” என்பது இவை அனைத்திலிருந்தும் தப்பிக்க ஒரே சொல்லில் கிடைக்கும் வழி. “உச்சா நேரம்” என்று அறிவித்துவிட்டு அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டிலும் பள்ளியிலும் சிகிச்சை மையத்திலும் ஒரே சொல், ஒரே சைகை, ஒரே படம் இருக்க வேண்டும். அம்மா ஒரு சொல்லும் ஆசிரியர் வேறொரு சொல்லும் பயன்படுத்தினால், நமக்கு அது ஒரே பொருளாகத் தெரிந்தாலும் குழந்தைக்கு அவை இரண்டு வெவ்வேறு செய்திகள். பேசாத குழந்தையானால் கழிப்பறைப் படம் உள்ள அட்டையை, அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் அதன் கையில் கொடுத்து, கழிப்பறைக் கதவில் ஒட்டச் செய்யுங்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ அதே அட்டையை அது உங்களிடம் கொண்டுவந்து நீட்டக்கூடும். உள்ளே சுவரில், கால்சட்டையை இறக்கு, உட்கார், கழுவு, கால்சட்டையை ஏற்று, தண்ணீர் ஊற்று, கை கழுவு என்ற வரிசையைப் படங்களாக ஒட்டிவைக்கலாம்.

உட்காரவைத்தால் ஒன்றும் வருவதில்லை; எழுந்ததும் நடுவீட்டில் போகிறாள். வேண்டுமென்றே செய்கிறாளா?

இல்லை. டயபரை நம்பி, நின்றபடியும் நடந்தபடியும் தசையைத் தளர்த்தியே அவள் பழகியிருக்கிறாள். உட்கார்ந்த நிலையில் தளர்த்துவது புதிய வித்தை. எழுந்ததும் உடல் பழைய இடத்துக்குத் திரும்புகிறது, உடனே போய்விடுகிறது.

நீண்ட நேரம் உட்காரவைப்பதால் இது சரியாகாது. மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். பத்து நிமிடத்தைத் தாண்டினால் கழிப்பறை தண்டனைக் கூடமாகிவிடும். உட்கார்ந்திருக்கும்போது சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள்: ஊதும்போது வயிற்றுத் தசை வேலை செய்ய, இடுப்புத்தளம் தளர்கிறது. குழாயில் நீர் ஓடும் ஓசையும் சில குழந்தைகளுக்கு உதவும். ஒன்றும் வராவிட்டால் முகத்தைச் சுளிக்காமல் “சரி, அப்புறம் பார்க்கலாம்” என்று எழுப்பிவிட்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் உட்காரவையுங்கள். நடுவீட்டில் போகத் தொடங்கினால் கத்தாமல் கழிப்பறைக்கு நடத்திச் சென்று, மிச்சம் இருக்கும் சில சொட்டாவது அங்கே விழும்படி செய்யுங்கள். அந்தச் சில சொட்டு பெரிய பாடம்.

பரிசு கொடுத்துப் பழக்குவது கெட்ட வழக்கம் ஆகாதா?

பாராட்டு மட்டுமே போதுமான ஊக்கமாக இருக்கும் குழந்தைக்குப் பரிசு தேவையில்லை. ஆனால் சமூகப் பாராட்டில் அவ்வளவு நாட்டம் இல்லாத குழந்தைக்கு, உடனே கையில் கிடைக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது. அது கழிப்பறை வெற்றிக்கென்றே ஒதுக்கப்பட்டதாக, வேறு எப்போதும் கிடைக்காததாக, மூன்று விநாடிக்குள் கைக்கு வருவதாக இருக்க வேண்டும். மாலையில் கடைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லும் வாக்குறுதியைக் காலையில் போன சிறுநீரோடு பொருத்திப் பார்க்க இக்குழந்தைகளுக்குக் கடினம். முதலில் உட்கார்ந்ததற்கே பரிசு. உட்காருவது பழகியபின் போனதற்கு மட்டும். பிறகு மெல்லக் குறைத்துவிடலாம்.

தண்டனையைப் பற்றி ஒரு செய்தி. 1971இல் நேதன் ஆஸ்ரின், ரிச்சர்டு ஃபாக்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், காப்பகத்தில் வாழ்ந்த, கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள பெரியவர்களைச் சில நாட்களிலேயே பகலில் பழக்கிக் காட்டினர். நிறைய நீர், அடிக்கடி உட்காரவைத்தல், உடனடிப் பரிசு ஆகியவை அம்முறையின் கூறுகள். இவர்களால் கற்கவே முடியாது என்ற எண்ணத்தை அந்த ஆய்வு உடைத்தது. ஆனால் அதில், தவறி நனைத்தவரையே தரையைத் துடைக்கவைப்பது போன்ற கடுமையான பகுதிகளும் இருந்தன. இன்றைய பயிற்சியாளர்கள் அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றையே எடுத்துக்கொள்கிறார்கள். திட்டும் அடியும் குழந்தைக்குக் கற்பிப்பது உங்கள் கண்ணில் படாமல் போவதை மட்டுமே. கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து போகும் குழந்தைகளில் சிலர் இந்தப் பாடத்தைக் கற்றவர்கள்.

கழிப்பறை வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாள். என்ன செய்வது?

அவள் இடத்தில் நின்று பாருங்கள்: ஃப்ளஷின் இரைச்சல், மூடிய சுவர்களில் எதிரொலி, வெளியேற்று விசிறியின் ரீங்காரம், தொடையில் படும் குளிர், கிருமிநாசினியின் நெடி, கீழே ஒரு பெரிய ஓட்டை. ஆட்டிசம் உள்ள குழந்தையின் புலன்களுக்கு இவை ஒவ்வொன்றும் பலமடங்காகத் தோன்றலாம். எது அச்சுறுத்துகிறது என்று ஒவ்வொன்றாக நீக்கிக் கண்டுபிடியுங்கள். அவள் வெளியே போனபின் ஃப்ளஷ் செய்யலாம்; விசிறியை அணைக்கலாம்; இருக்கைமேல் மெத்தை வளையம் வைக்கலாம். பிறகு படிப்படியாக: வாசலில் நின்று விளையாட்டு, உள்ளே நின்று விளையாட்டு, மூடிய இருக்கைமேல் உடையோடு உட்காருதல், திறந்த இருக்கைமேல் உட்காருதல். ஒரு படிக்கு ஒரு வாரம் ஆனாலும் இழப்பில்லை. பொதுக் கழிப்பறையில் தானாக ஃப்ளஷ் ஆகும் கருவியின் உணரியை ஒரு காகிதத் துண்டால் மறைத்துவிடலாம்.

சிறுநீருக்குப் போய்விடுகிறான். மலத்துக்கு மட்டும் டயபர் கட்டச் சொல்லி அழுகிறான்.

இது மிகவும் பொதுவானது. அவனே டயபர் கேட்கிறான் என்றால், வருவதை உணர்கிறான், அடக்குகிறான், சொல்கிறான் என்று பொருள். கடினமான மூன்றும் கைகூடிவிட்டன. டயபரை மறுத்தால் நாட்கணக்கில் அடக்கி மலச்சிக்கலை வரவழைத்துக்கொள்வான் என்பதால், கொடுத்துவிட்டு இடத்தை மாற்றுங்கள். முதலில் டயபரோடு கழிப்பறைக்குள் நின்று; பிறகு டயபரோடு இருக்கையில் உட்கார்ந்து; பிறகு டயபரைத் தளர்த்தி; அடுத்து அடிப்பகுதியில் ஒரு துளை வெட்டி, அத்துளையை நாளுக்கு நாள் பெரிதாக்கி. கடைசியில் இடுப்பில் வெறும் பட்டையாக மிஞ்சும் டயபரைச் சில குழந்தைகள் ஒரு மாதம்கூட விடமாட்டார்கள். இருக்கட்டும்.

மலத்தைக் கையில் எடுத்துச் சுவரில் பூசுகிறான். வெளியில் சொல்லவே கூசுகிறது.

பல வீடுகளில் நடப்பதுதான். கசியும் மலத்தைக் கையால் அகற்ற முயல்வது, ஆசனவாய் அரிப்பு அல்லது குடற்புழு, அந்த இளக்கமான தொடுஉணர்வில் உள்ள ஈர்ப்பு, பூசியதும் ஓடிவரும் பெற்றோரின் பரபரப்பு ஆகியவற்றில் எது காரணம் என்று பாருங்கள். முதலிரண்டுக்கும் மருத்துவம் உண்டு. தொடுஉணர்வுதான் காரணம் என்றால், பிசைந்த மாவு, களிமண் போன்றவற்றை நாளில் குறித்த நேரத்தில் கொடுங்கள். பரபரப்பு காரணம் என்றால், பேசாமல், கண்ணைப் பார்க்காமல், வெதுவெதுப்பான நீரில் சலிப்பூட்டும் விதத்தில் கழுவிவிடுங்கள். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்து முதுகில் பொத்தான் வைத்த உடை, உள்ளே கை போகாமல் இரவில் தடுக்கும்.

பள்ளியிடம் என்ன சொல்ல வேண்டும்?

நேர அட்டவணை, பயன்படுத்தும் சொல்லும் படமும், எந்தப் படியைக் குழந்தை தானே செய்யும், எதற்கு உதவி வேண்டும் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். கால்சட்டையை ஏற்றுவதில் கடைசி இரண்டு அங்குலத்தை மட்டும் அவன் இழுக்கிறான் என்றால், அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் அவர்களே முழுவதும் இழுத்துவிடுவார்கள், வீட்டில் கற்றது வீணாகும். இழுக்க எளிதான இடுப்பெலாஸ்டிக் உடை அணிவித்து அனுப்புங்கள். பொத்தானும் ஜிப்பும் பிறகு.

உதவி தேவைப்படும் குழந்தை, பிறர் தன்னைத் தொடுவதற்குப் பழகியே வளர்கிறது. ஆகவே யார் உதவலாம், யார் கூடாது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். கதவைச் சாத்துவதும், தொடுமுன் “இப்போது கழுவப் போகிறேன்” என்று சொல்வதும் ஆரம்பத்திலிருந்தே வழக்கமாக இருக்கட்டும். உடலுறுப்புகளின் பெயரைக் குழந்தைக்குக் கற்பியுங்கள், படத்தின் மூலமாகவாவது.

இரவு எப்போது?

பகல் முழுமையாக நிலைத்த பின்பு. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோனின் சுரப்பும், நிறைந்த சிறுநீர்ப்பை தூக்கத்தைக் கலைப்பதும் உடல் முதிர்ச்சியால் வருபவை. பயிற்சியால் வருபவை அல்ல. எவ்விதத் தாமதமும் இல்லாத ஐந்து வயதுக் குழந்தைகளிலேயே நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் படுக்கையை நனைக்கிறார்கள். நீர்புகா விரிப்பும் பொறுமையும் போதும்.

நன்றாகப் பழகியவள் திடீரென்று எல்லாவற்றையும் மறந்துவிட்டாள்.

முதல் சந்தேகம் மலச்சிக்கல். இரண்டாவது சிறுநீர்த் தொற்று. வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை நனைப்பதன் மூலமே அதைச் சொல்கிறது. புதிய மருந்து, வலிப்பு, இடமாற்றம், ஆசிரியர் மாற்றம் ஆகியவற்றையும் யோசியுங்கள். காரணம் தெரியாத திடீர் மாற்றத்தோடு, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு அஞ்சுவதும் சேர்ந்தால், அதை அலட்சியம் செய்யாமல் விசாரியுங்கள். உடல் காரணம் இல்லை என்று உறுதியானபின், பழைய அட்டவணையின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் முன்னைவிட வேகமாகவே திரும்பி வருவாள்.

எந்த நிலையில் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சிறுநீர் சொட்டுச் சொட்டாக இடைவிடாமல் கசிந்தால், போகும்போது அழுதால், முக்கி முக்கிப் போனால், மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் தெரிந்தால், அடங்காத தாகத்தோடு அதிகமாகச் சிறுநீர் போனால், நடை மாறினால், கீழ்முதுகில் குழியோ மயிர்க்கற்றையோ இருந்தால். ஸ்பைனா பிஃபிடா (முதுகெலும்பு முழுமையாக மூடாமல் பிறக்கும் நிலை) உள்ள குழந்தைகளுக்கு, சிறுநீர்ப்பைக்கும் குடலுக்கும் போகும் நரம்புகளே பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கு இப்பக்கத்தில் சொன்ன பயிற்சி பொருந்தாது. குறித்த நேரத்தில் மெல்லிய குழாய் செலுத்திச் சிறுநீர் எடுப்பது போன்ற தனி ஏற்பாட்டைச் சிறுநீரக மருத்துவக் குழு வகுத்துத் தரும். அதைக் குழந்தை தானே செய்துகொள்ளவும் கற்றுக்கொள்ளலாம்.

எத்தனை நாளில் முடியும்? என்றைக்காவது அவனாகச் சொல்வானா?

மூன்று நாளில் முடித்துவிடலாம் என்ற விளம்பரங்களை நம்பித் தொடங்கி, நான்காம் நாள் மனமுடைந்து டயபருக்குத் திரும்பிய பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறோம். மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓரிரு வருடங்கள். இடையில் நிறுத்தி நிறுத்தித் தொடங்குவதுதான் குழந்தையை மிகவும் குழப்புகிறது.

அவனாகச் சொல்வது வரலாம், வராமலும் போகலாம். கடிகாரம் பார்த்து நாம் அழைத்துச் செல்ல, அவன் அங்கே போய், உடை நனையாமல் நாளைக் கழித்தால் அதையும் பயிற்சியின் வெற்றியாகவே எண்ணுங்கள். பல குழந்தைகள் ஒரு வருடம் அப்படியே இருந்துவிட்டு, ஒருநாள் அழைக்காமலே எழுந்து கழிப்பறைக் கதவருகே போய் நிற்பார்கள். சொல்ல வார்த்தை இருக்காது, கதவைத் திறந்துவிடுங்கள்.